கேலாங்கில் மாற்றிய ஜெட்

ஏறும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அமலோற்பவம் இறங்கும்போதுதான் கேட்டாள்.

“நான் செஞ்சதுல என்ன தப்பு, மாஸ்டர்?”

மாஸ்டர் என்றதும் நரைத்த தாடி எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோகிலவாணிக்கு முப்பத்தொன்பது வயது. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். சிஷ்யை அமலோற்பவத்துக்குத்தான் ஐம்பத்துநான்கு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றவள்.

“இதை ரிப்பேர் பண்ண வேண்டாம். எப்படிப் பண்றதுன்னு சொல்லிக் குடுங்க” என்றாள் அன்றைக்கு.

கோகிலவாணி மேலும் கீழும் பார்த்தாள். “நகத்தை வெட்டிட்டு வாங்க” என்றாள். அட்மிஷன் அத்தோடு முடிந்தது.

வயதுக்கு மாஸ்டர் சிஷ்யையை அக்கா என்பாள். வேலைக்குச் சிஷ்யை அவளை மாஸ்டர் என்பாள். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு சட்டம். கழற்றிய கைதான் மாட்ட வேண்டும். ஒருவர் கை வைத்ததை இன்னொருவர் தொடமாட்டார், நினைவூட்டவும் மாட்டார்.

இந்த ஜூனில் இருவரும் இரண்டு வண்டிகளில் லடாக் கிளம்பினார்கள். மாஸ்டருடையது புது வண்டி. உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அமலோற்பவத்தின் வண்டியில் அந்த வேலைக்குக் கார்ப்ரேட்டர். அதற்கு எதுவும் தானாகத் தெரியாது.

வழியில் சண்டிகர். அமலோற்பவத்தின் மகள் ஜெசிந்தா அங்கே ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். ஆறு வருஷமாக. அம்மா வழியில் எட்டிப் பார்ப்பாள் என்று லீவு போட்டிருந்தாள்.

“ரெண்டே நிமிஷம், மாஸ்டர். இன்ஜினை அணைக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் கேட்டைத் திறந்தாள்.

மாஸ்டர் அணைத்துவிட்டாள். அதனால் உள்ளே பேசியது தெருவரை கேட்டது.

“எதுக்கு லீவு?”

“நீ வரேன்னுதாம்மா.”

“வேலை முக்கியம்ல?”

“உக்காரும்மா. மீன் குழம்பு வெச்சிருக்கேன். இங்க நல்ல மீனே கிடைக்காது. ரெண்டு மார்க்கெட் அலைஞ்சேன்.”

“நேரமில்லை. தண்ணி குடு.”

“எனக்கு நேரம் இருக்குங்க!” என்று தெருவிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தாள்.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

பத்து நிமிஷம். கொதிக்கும் குழம்பு சூடு ஆறவே அதைவிட அதிகமாகும். அமலோற்பவம் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். விருந்தாளிகூடச் செய்யாத காரியம். மீன் குழம்பு ஒரு டப்பாவில் மாஸ்டர் கைக்குப் போனது.

கேட்டருகே வந்து ஜெசிந்தா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் மோசம்.

“அப்பா இன்னும் உள்ரூம்ல படுத்திருக்கிற மாதிரியே நீ பேசறேம்மா.”

அமலோற்பவம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டில் இந்த ஒரு வசதி. யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை.

மணாலி தாண்டியதும் அவள் வண்டி இருமத் தொடங்கியது. மேலே போகப்போகப் பின்னால் கறுப்புப் புகை. அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். புகைதான் கூடியது. வண்டி கூடவில்லை. கேலாங் என்ற மலையூரில் நிறுத்தினார்கள்.

“பசிக்குது போல, மாஸ்டர். இன்னும் பெட்ரோல் குடுக்கவா?”

“பசியில்லைங்க்கா, மூச்சுத் திணறல். ஏற ஏறக் காத்து லேசாகுது. பெட்ரோல் மட்டும் கீழ வந்த அளவுலயே வந்துட்டிருக்கு. எரியறதுக்குக் காத்து எங்க? வாய் நிறைய வெச்சிருக்கிறவளுக்கு இன்னொரு கவளம் ஊட்டற மாதிரி இருக்குது நீங்க முறுக்கறது.”

அமலோற்பவம் இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். அடுப்புக்கரியாக இருந்தது.

“அப்போ குறைக்கணும்.”

“குறைங்க.”

கார்ப்ரேட்டருக்குள் மெயின் ஜெட் என்று ஒன்று உண்டு. சுண்டுவிரல் நகமளவு பித்தளை. நடுவில் ஊசி மட்டுமே நுழையும் துளை. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். நூற்றிப்பத்து என்று பொறித்திருந்த ஜெட்டைக் கழற்றி, துளை அதைவிடச் சிறியதான, தொண்ணூற்றைந்து என்று பொறித்ததை அவளே மாட்டினாள். கையுறையில்லாமல் அந்தக் குளிரில் முக்கால் மணி நேரம். மாஸ்டர் பக்கத்தில் நின்று டீ குடித்தாள். ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

அதன்பின் வண்டி சொன்னபடி கேட்டது. பதினாறாயிரம் அடி, பதினேழாயிரம் அடி என்று ஏறியது. கீழே இருந்த பலம் இல்லைதான். இரண்டாம் கியரில் போகிற மேட்டில் முதல் கியர் கேட்டது.

“இருக்கிற காத்துக்கு இவ்வளவுதானுங்க்கா. கோயம்புத்தூர்ல ஓட்டற மாதிரி இங்க கேக்காதீங்க.”

“கேக்கல, மாஸ்டர். திணறாம போகுதே. அது போதும்.”

கணவாயின் உச்சியில் அமலோற்பவம் டேங்க்கைத் தட்டிக்கொடுத்தாள். ஒரு கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல. மகளை அப்படித் தட்டி மாஸ்டர் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது மறுபடி கேலாங். ஒரு சாலையோரக் கடை. அங்கேதான் அந்தக் கேள்வி. லே வரை போய் வந்த ஒன்பது நாளும் அதை அவள் ஹெல்மெட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

“நான் செஞ்சதுல என்ன தப்பு, மாஸ்டர்?”

கோகிலவாணி ரொட்டியைப் பிய்த்தாள். “என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே.”

அமலோற்பவம் சொன்னாள். கணவர் ஸ்டீபனுக்குப் பக்கவாதம் வந்தபோது ஜெசிந்தாவுக்குப் பதினொரு வயது. ஏழு வருஷம் படுக்கை. அவருக்குத் தூக்கம் வராது. வந்தால் ஒரு கரண்டி விழுந்தாலும் போய்விடும். போனால் அழுவார். பெரிய உருவம், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், குழந்தை மாதிரி அழுவார்.

“அதனால வீட்டுல சத்தத்தைக் குறைச்சேன். டிவியை நிறுத்தினேன். விசில் அடிக்குதுன்னு குக்கரைப் பரண்ல ஏத்திட்டு, சாதத்தை வடிச்சுத்தான் வெச்சேன். அவளோட சிநேகிதிங்க வர்றதை நிறுத்தினேன். பாட்டு கிளாஸை நிறுத்தினேன். பேச்சும் அப்படித்தான். சாப்பிட்டியா, படிச்சியா, மெல்லப் பேசு. வேற ஒண்ணும் கிடையாது. ஒருதரம் அவ ஏதோ ஜோக் சொல்லிச் சிரிச்சா. வாயைப் பொத்திட்டேன்.”

“ம்.”

“அப்படிக் குறைக்கலேன்னா அந்த வீடு ஓடியிருக்காது, மாஸ்டர்.”

“ஓடியிருக்காது.”

“அப்புறம் என்ன தப்பு?”

மாஸ்டர் ரொட்டியை மென்றாள். தட்டைப் பார்த்தாள். வெளியே நின்ற இரண்டு வண்டிகளையும் பார்த்தாள்.

“தெரியலைங்க்கா” என்றாள். “யோசிக்கிறேன்.”

மணாலியில் கிளம்பும் முன், “வண்டியில ஏதாச்சும் பாக்கி இருக்குங்களா?” என்று பொதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணுமில்லை. பொறந்ததுலேர்ந்து இது இவ்வளவு நல்லா ஓடினதில்லை, மாஸ்டர்.”

சரி என்று அவளும் தன் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

பிறகு ஒரே இறக்கம். பனி போய், பைன் மரங்கள் போய், குளிர் போனது. மண்டி என்ற ஊரில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டினார்கள். அதற்குக் கீழே வெயில் ஆரம்பித்தது. அமலோற்பவத்தின் வண்டிக்குள்ளிருந்து யாரோ சோழி குலுக்குவதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. வெயில், என்று நினைத்தாள். காலின் உள்பக்கம் இன்ஜின் சூடு சுட்டது. அதற்கும் வெயில். வட இந்தியாவில் ஜூனில் எதற்கும் அந்த ஒரு பதிலே போதும்.

பிலாஸ்பூரில் கரும்புச்சாறு குடிக்க நின்றார்கள்.

“சண்டிகர் உள்ள போக வேண்டாம், மாஸ்டர். பைபாஸ்ல போயிடலாம்.”

“மக கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னா மறுபடி லீவு போட்டுட்டு நிப்பா. எதுக்கு?”

“மீன் குழம்பு நல்லா இருந்துச்சுங்க்கா. டப்பாவையாவது திருப்பிக் குடுக்கணுமில்லீங்களா.”

“கொரியர்ல அனுப்பிக்கலாம்.”

மாஸ்டர் கரும்புச்சாறைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். “டப்பாவைக் கொரியர்ல அனுப்பற அம்மாவை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றாள்.

சமவெளி வருவதற்குமுன் அந்தச் சாலையில் ஒரு மேடு உண்டு. ஒரு லாரியை முந்துவதற்காக அமலோற்பவம் முழுதாக முறுக்கினாள். சோழிச் சத்தம் அதிகமானது. திடீரென்று நின்றது. அதோடு பின்சக்கரமும் நின்றது. சக்கரம் சுற்றாமல் வண்டி பத்தடி இழுபட்டுப் போனது. கை தன்னால் கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. ஓரமாக வந்து நின்றாள். 

பின்னால் வந்த லாரி நின்றது. ஓட்டுநர் ஒரு சர்தார்ஜி. நல்ல மனுஷர். புகையும் இன்ஜினைப் பார்த்ததும் தண்ணீர் கேனோடு ஓடிவந்தார்.

“கேனைக் கீழ வைய்யா!” என்று மாஸ்டர் தமிழிலேயே கத்தினாள்.

சர்தார்ஜிக்கு அந்தத் தமிழ் புரிந்துவிட்டது. கேனை வைத்தார்.

“சூட்டுல தண்ணி ஊத்தினா வெடிச்சிடும். அதுவா ஆறணும்” என்று அப்புறம் இந்தியில் விளக்கினாள். அவர் தண்ணீரை இரண்டு பெண்களுக்கும் குடிக்கக் கொடுத்துவிட்டு, அவர்களை வாஹேகுருவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஆறும்வரை ஒரு புளியமரமாவது கிடைக்குமா என்று பார்த்தார்கள். இல்லை. பாலத்தின் கைப்பிடிச்சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். இன்ஜின் ஆற ஒன்றரை மணி நேரம் ஆனது.

பிறகு மாஸ்டர், “பிளக்கைக் கழட்டுங்க” என்றாள்.

அமலோற்பவம் கழற்றினாள். கேலாங்கில் கரியாக இருந்த பிளக், இப்போது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெளுப்பின் மேல் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

“என்னது இது, மாஸ்டர்?”

“பிஸ்டனுங்க்கா. உருகித் தெறிச்சது.”

அமலோற்பவத்துக்குப் புரிய இன்னும் ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பிளக்கைக் கைமாற்றிக்கொண்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றி முழுக்கக் கிரீஸ்.

“ஜெட்டு!”

“ம்.”

“மாத்தவே இல்லை. மணாலியிலேயே மாத்தியிருக்கணும். காத்து கெட்டியாயிடுச்சு. பெட்ரோல் மட்டும் அந்தச் சின்ன ஓட்டை வழியாவே வந்துட்டிருந்திருக்கு. வெறும் சூட்டுலயே ஓடியிருக்கு.” மூச்சு விட்டாள். “உங்களுக்குத் தெரியும். சட்டம்னு சொல்லாம விட்டீங்க.”

“தெரிஞ்சிருந்தா சட்டமாவது மண்ணாவது. கத்தியிருப்பேன்.” மாஸ்டர் சாலையைப் பார்த்தபடி சொன்னாள். “மறந்துட்டேனுங்க்கா. என் வண்டி தானா மாத்திக்கும். கேலாங்ல நீங்க கை விறைச்சு மாட்டினதை நின்னு பாத்தவ நான். நானும் மறந்துட்டேன்.”

“நமக்கெல்லாம் அந்த மாதிரி கம்ப்யூட்டர் இல்லையே, மாஸ்டர்.”

“வண்டிக்குத்தான் வந்திருக்குது.”

லாரிகள் போயின. மாஸ்டர் எழுந்து வந்து வண்டியருகே குந்தினாள்.

“ஜெட்டைக் கழட்டி என் கையில குடுங்க.”

சட்டப்படி அவள் தொடக்கூடாது. ஆனாலும் உள்ளங்கையை நீட்டினாள். அமலோற்பவம் கழற்றி வைத்தாள். தொண்ணூற்றைந்து.

“இதை எங்க போட்டீங்க?”

“கேலாங்ல.”

“எதுக்கு?”

“காத்து கம்மி. திணறிச்சு.”

“அங்க இதைப் போட்டது தப்புங்களா?”

“இல்லை. போடலேன்னா ஏறியே இருக்காது.”

“ஜெட்டு கெட்டுப்போயிருக்குதுங்களா?”

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். பித்தளை புதிதுபோல மினுக்கியது. “இல்லை. நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் பிஸ்டன் எதுக்கு உருகுச்சு?”

“கீழ இறங்கியும் மாத்தலை.”

மாஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஸ்டீபன் அண்ணன் தவறினப்புறம் ஜெசிந்தா உங்ககூட எத்தனை வருஷம் இருந்துச்சு?”

“அஞ்சு. காலேஜ் முடிக்கிற வரைக்கும்.”

“குக்கரை எப்ப கீழ இறக்கினீங்க?”

அமலோற்பவம் கைப்பிடிச்சுவரில் போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்கான சாதம் ஊரிலிருந்து கிளம்பிய நாள்வரை வடித்த சாதம்தான் என்று சொல்ல வேண்டியதில்லை, முகமே சொன்னது. இந்த முறை ஹெல்மெட் கையில் இல்லை.

“அஞ்சு வருஷமும் மெல்லப் பேசுன்னுதான் சொல்லிட்டிருந்தேன்” என்றாள் கடைசியில். “உள்ரூம்ல யாருமில்லை. காலிக் கட்டில். அப்பவும் சொன்னேன். நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, மாஸ்டர். ஒரு சண்டை கிடையாது. ஒரு சத்தம் கிடையாது.”

“நல்லா ஓடறதை நிறுத்திக் கழட்டிப் பாக்க யாருக்குங்க்கா தோணும்?”

“சண்டிகர்ல வேலை கிடைச்சிருக்குன்னா. சரின்னேன். ஏன் அவ்வளவு தூரம்னு கேக்கலை. அவ அங்கேயே நின்னா கொஞ்ச நேரம். நான் கேப்பேன்னுதான் நின்னிருப்பா.”

மாஸ்டர் தொண்ணூற்றைந்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அமலோற்பவம் இடுப்புப் பையிலிருந்து நூற்றிப்பத்தை எடுத்து மாட்டினாள். மரை இரண்டு தடவை தப்பியது. மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றாள், உதவவில்லை. புது பிளக் போட்டாள். கிக்கரை மெல்ல மிதித்தாள். முதலில் கல்லாக நின்றது. பிறகு அசைந்தது. எட்டாவது மிதியில் வண்டி பிடித்தது. உள்ளே ஒரு தட்டல் சத்தம், சீரான சத்தம், போகாத சத்தம். பின்னால் நீலப் புகை.

இருவரும் நின்று கேட்டார்கள்.

“சரியான ஜெட்டைப் போட்டாச்சே, மாஸ்டர். இன்னும் ஏன் தட்டுது?”

“சிலிண்டர்ல கீறல் விழுந்திருச்சுங்க்கா. ஜெட்டு மாத்தினா கீறல் போயிடுங்களா?”

“ஓடுமா?”

“ஓடும். நாப்பதுக்கு மேல போகாதீங்க. சண்டிகர் வரைக்கும் தாங்கும். கோயம்புத்தூருக்கு வராது. அங்க இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சு, பிஸ்டன் மாத்தணும். நாலு நாள் ஆகும்.”

“அப்புறம் முன்ன மாதிரி ஆயிடுமா?”

மாஸ்டர் துணியில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“ஓடும்” என்றாள் மறுபடி.

அமலோற்பவம் போனை எடுத்தாள். மகளின் பெயரைத் தேடி எடுத்து, அழுத்தாமல் வைத்திருந்தாள். திரை அணைந்தது. மறுபடி எழுப்பினாள். மறுபடி அணைந்தது.

“நாலு நாள் அவ வீட்டுல போய் நிக்கணும். பத்து நிமிஷம் உக்காராதவ நான். என்னன்னு சொல்லிட்டுப் போறது, மாஸ்டர்?”

மாஸ்டர் ஹெல்மெட்டை மாட்டப் போனவள் நிறுத்தினாள்.

“வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. யாரு கெடுத்ததுன்னு ஜெசிந்தா கேக்கும். அதையும் சொல்லுங்க.”